இது மருந்தில்லீங்க, உணவு

ஜூன் 11, புதன்

ஜனவரியில் தொடங்கிய நாட்குறிப்பு பொங்கலோடு நின்றுபோனது. ஒன்பதாம் வகுப்பு தொடங்கிவிட்டதால் மறுபடி எழுத உட்காருகிறேன். இந்த முறை பார்த்ததை மட்டும் எழுதுவேன்.

என் பெயர் கனிஷ்கா. ஊர் தாராபுரம். அப்பா கறிக்கோழிக் கம்பெனியில் சூப்பர்வைசர். பண்ணை பண்ணையாகப் போய், குஞ்சுகள் சரியாக எடை ஏறுகின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. அம்மா சாந்தா, வீட்டில் இருக்கிறாள். வீட்டில் இருக்கிறாள் என்று எழுதினால் சும்மா இருக்கிறாள் என்று பொருள் வந்துவிடும். அவள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

சித்திரை பிறந்ததிலிருந்து அம்மா காலையில் நலமையத்துக்குப் போகிறாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிறது. அங்கே கொடுக்கும் பானத்தையும் மாத்திரைகளையும் சாப்பிட்டு நன்றாக இளைத்திருக்கிறாள். இன்று அவளுடைய ரவிக்கைகளுக்கு நான் பக்கத் தையல் போட்டுக் கொடுத்தேன். எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

போன ஆண்டு என் பள்ளி ஆண்டு விழாவுக்கு அம்மா வரவில்லை. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். உண்மையிலேயே அன்று கூட்டமாகத்தான் இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

இன்று அம்மாவோடு நலமையத்துக்குப் போனேன். விடிந்தும் விடியாமலும் படியெல்லாம் செருப்பு. உள்ளே நாற்காலிகள், சுவர் முழுக்கப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரே ஆள் இரண்டு முறை நிற்கிறார், முன்பு குண்டாகவும் பின்பு ஒல்லியாகவும். முன்பு எடுத்த படங்களில் யாருமே சிரிக்கவில்லை.

முதலில் எடை பார்க்கிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் எழுந்து வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, எவ்வளவு குறைந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லோரும் மூன்று தட்டு தட்டி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று தட்டு தட்டுகிறார்கள். ஏறிவிட்டது என்றாலும் கைதட்டு உண்டு, சத்தம்தான் குறைவு. அம்மா எழுந்து நின்றபோது அவள் குரல் வீட்டில் கேட்பதைவிடப் பெரிதாக இருந்தது. இவ்வளவு பேர் அம்மாவுக்குக் கைதட்டி நான் கேட்டதில்லை.

அப்புறம் மூலிகைத் தேநீர், சோற்றுக்கற்றாழைச் சாறு, கடைசியில் கெட்டியான சத்துப் பானம். வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டு டப்பா: பச்சை மூடி போட்டது மூலிகை மாத்திரை, வெள்ளை மூடி போட்டது அமினோ மாத்திரை.

இதை நடத்துபவர் சுபலதா. எல்லோரும் கோச் மேடம் என்கிறார்கள். பெரிய கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, மெல்லிய உருவம். அவரும் எங்களோடு சேர்ந்து தன் எவர்சில்வர் டம்ளரில் குடித்தார். கடைசியில் பச்சை டப்பாவை உயரத் தூக்கிக் காட்டினார்.

"இது மருந்துங்களா?"

"இல்லீங்க, உணவு," என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

"வெளிய யாராச்சும் என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு கேட்டா?"

"மருந்தில்லீங்க, உணவு."

எங்கள் பள்ளியில் வாய்ப்பாடு சொல்வது போல இருந்தது. மூன்றாம் முறை நானும் சேர்ந்து சொன்னேன்.

"நீயும் மிசின்ல ஏறு கண்ணு," என்றார் கோச் மேடம். ஏறினேன். வந்த எண்ணை இங்கே எழுதத் தேவையில்லை.

ஜூன் 16, திங்கள்

ராத்திரிக்கு ஒரு தோசை போதும் என்று சொல்லிவிட்டேன். பசி இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

மத்தியானம் அப்பாவும் நானும் கோழிக்குழம்பு சாப்பிட்டோம். அம்மா எதிரில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா வெள்ளை மூடி டப்பாவை எடுத்து, கையை எட்ட நீட்டி வைத்துப் படித்தார்.

"லைசின், மெத்தியோனின். ஏஞ்சாந்தா, இது எங்க தீவனத்துல போடறதாச்சே."

"எதச் சொல்றீங்க?"

"இந்த அமினோ ஆசிட்டு ரெண்டும். மூட்டை மூட்டையா வந்து எறங்கும். அதப் போட்டாத்தான் கோழி வெரசா எடை ஏறும்."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். ஏற்றுவதற்குக் கொடுப்பதே இறக்குவதற்கும் எப்படி ஆகும்?

"கோழிக்கு ஏறும். மனுசருக்கு எறங்கும்," என்றாள் அம்மா. "எல்லாம் மேடம் வெளக்கிச் சொல்லியிருக்காங்க."

"அப்ப கோழிக்குத்தான் ஒரு கோச் இல்லாமப் போயிட்டாங்களாட்ட இருக்குது."

நான் சிரித்தேன். அம்மா முறைத்தாள், பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

நாளை அறிவியல் ஆசிரியையிடம் கேட்கலாம் என்றால் முடியாது. அவர் விடுப்பில் போய்விட்டார்.

ஜூலை 2, புதன்

பச்சை டப்பாவில் இருந்த பெயர்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். தாவர அகராதியில் ஒன்று கிடைத்தது. கார்சீனியா என்றால் குடம்புளி. கேரளத்துக்காரர்கள் மீன் குழம்பில் போடுவது.

ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

"பாத்தியா? கொழம்புல போடறதுதான். நாந்தான் சொல்றேனே, உணவுன்னு," என்றாள்.

குழம்புக்கு இரண்டு துண்டு போடுவார்கள், வீடே சாப்பிடும். ஒரு மாத்திரைக்குள் எத்தனை துண்டைச் சுண்டக் காய்ச்சி அடைத்திருக்கிறார்கள் என்று டப்பாவில் இல்லை. இதையும் கேட்டேன். அம்மா சீப்பின் முனையால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே அரிப்பு. உடம்பிலுள்ள கழிவெல்லாம் வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்று கோச் மேடம் சொன்னாராம்.

நூலகத்துக்குக் கிளம்பும் முன், பள்ளி விட்டு வந்தபோது அம்மா படுத்திருந்தாள். பகலில் அவள் படுத்து இன்றுதான் பார்த்தேன்.

ஜூலை 4, வெள்ளி

அம்மா மறுபடி மஞ்சள் தேய்த்துக் குளிக்கத் தொடங்கியிருக்கிறாள் போலிருக்கிறது. முகம் நல்ல நிறமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

வரும் ஞாயிறு திருப்பூரில் கம்பெனியின் பெரிய கூட்டம். நன்றாக இளைத்தவர்களை மேடையில் ஏற்றிப் பேச வைப்பார்களாம். எங்கள் மையத்திலிருந்து அம்மாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பேச்சை நான் எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை திருத்தினேன். எனக்குப் பிடித்த வரி இது: "கண்ணாடியைக் கண்டால் ஒதுங்கிப் போனவள், இன்று கண்ணாடி முன்னால் நின்று தலைசீவுகிறேன்."

கோச் மேடத்துக்கும் பிடித்துவிட்டது. அதை அம்மாவின் இரண்டு படங்களோடு சேர்த்து வாட்ஸப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். என் எழுத்து அச்சில் வந்த மாதிரி இருந்தது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் சௌமியா அக்கா அதைப் படித்துவிட்டு இன்றே மையத்தில் சேர்ந்துவிட்டாள். அவளுக்குக் கைக்குழந்தை. பால் கொடுக்கிறவர்கள் சாப்பிடலாமா என்று கேட்டாளாம். உணவைச் சாப்பிடுவதற்கு என்ன கேள்வி என்று சொன்னார்களாம்.

ஜூலை 13, ஞாயிறு

கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள். மேடையில் புகை விட்டு, பாட்டுப் போட்டு, ஒவ்வொருவரையும் அழைத்தார்கள். அம்மா நீலப் பட்டு கட்டியிருந்தாள். முன்பெல்லாம் அந்தச் சேலை கொசுவத்துக்குப் போதாது என்று பெட்டியிலேயே கிடந்தது. மண்டபத்துக்குள் நுழையும் முன் வாசலோரம் வாந்தி எடுத்தாள். பஸ்ஸில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

நான் எழுதிக் கொடுத்ததை அவள் பேசவில்லை. மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு வீட்டில் பேசுவது போலவே பேசினாள்.

"எம்பொண்ணு படிக்கற பள்ளிக்கூடத்துக்குள்ள நான் போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க. அவ வரச் சொல்லல. அவ மேல தப்பில்லீங்க. கூடப் படிக்கற புள்ளைங்க ஏதாச்சும் சொல்லியிருக்கும். சின்னப் புள்ளதானுங்க. இந்த வருசம் போவேன். முன் வரிசைல உக்காருவேன்."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி ஒருவர், "அந்தப் பொண்ணு நீதானா?" என்று கேட்டார். மின்விசிறி ஓடாத பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புழுக்கத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜூலை 17, வியாழன்

நெற்றியில் பரு. மஞ்சள் போட்டால் அடங்கும் என்று குளியலறையில் தேடினேன். மஞ்சள் உரைக்கும் கல் வறண்டு கிடந்தது, மேலே ஒட்டடை.

"அம்மா, மஞ்சள் எங்கே?"

"நான் மஞ்ச தேச்சு வருசக் கணக்காச்சே. கடைல வாங்கித்தான் வரோணும்."

அவள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. கன்னம், கழுத்து, கை எல்லாம் மஞ்சளாக இருந்தது. கண்ணில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமும் மஞ்சளாக இருந்தது. முற்றின எலுமிச்சையின் தோல் போன்ற மஞ்சள்.

நல்ல நிறமாக இருக்கிறாள் என்று நானே இங்கே எழுதியிருக்கிறேன்.

ஜூலை 19, சனி

அப்பாவுக்கு மூன்று பண்ணைகளில் கோழி ஏற்றும் வேலை. அம்மாவும் நானும் மட்டும் கடைவீதி டாக்டரிடம் போனோம். அவர் அம்மாவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வயிற்றை அழுத்தினார்.

"மஞ்சக்காமாலைங்க. வெளிய எங்காச்சும் தண்ணி குடிச்சீங்களா?"

"போன வாரம் திருப்பூர் போனமுங்க."

"வேற மருந்து மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா? நாட்டு மருந்து கீட்டு மருந்து?"

"இல்லீங்க. ஒண்ணுமில்லீங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது. பால்காரரிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லக்கூட என்னை அனுப்புவாள். இப்போது அவள் முகத்தில் பொய் சொல்கிற தடுமாற்றம் எதுவும் இல்லை. உண்மையைத்தான் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். தூக்கம் அதிகமானாலோ பேச்சு குழறினாலோ உடனே கோயம்புத்தூர் போய்விட வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பச்சை டப்பாவைத் திறந்தாள்.

"அம்மா, டாக்டர் கேட்டாரே?"

"மருந்தக் கேட்டாரு."

"இதுவும் மாத்திரைதானே?"

"கனி, நீயும் அங்க வந்து ஒட்டுக்காச் சொன்னவதானே. இது என்ன?"

உணவு என்று அவளே சொல்லிக்கொண்டு விழுங்கினாள்.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா மையத்துக்குப் போய்வந்தாள். கழிவு மொத்தமாக இறங்குகிறது, கற்றாழைச் சாற்றை இரண்டு மடங்காக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அப்பா வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, "கீழாநெல்லி அரைச்சுக் குடு கண்ணு, சரியாப் போயிரும்," என்றார். வேலியோரம் பறித்துக் கழுவி, மோரில் கலந்து கொடுத்தேன். அதையும் குடித்தாள். அதற்கு மேல் மாத்திரையையும் போட்டாள்.

ஜூலை 21, திங்கள்

அம்மா இப்போது கோச் மேடத்தின் பேச்சை மட்டும்தான் கேட்பாள். அதனால் பள்ளி விட்டதும் அவர் வீட்டுக்கே போனேன். நிறுத்தச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்பதற்காக.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டு நிறையச் சாதம், பருப்பு, மேலே நெய். என்னைப் பார்த்ததும் தட்டை ஒரு தாளால் மூடினார்.

அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் வெகுநேரம் துடைத்தார்.

"பயப்படாத கண்ணு. எனக்கும் வந்துச்சு."

"என்ன வந்துச்சுங்க?"

"இதேதான். மாசி மாசம். கண்ணெல்லாம் மஞ்சப் பூத்து, அரிப்பெடுத்து, ஒரு வாய் எறங்கல. அதுக்குத்தான் இத்தாப்பெரிய கண்ணாடி போட்டுட்டேன், யாருக்கும் தெரியாம இருக்கட்டும்னு. அப்புறம் நிறுத்திட்டேன். தானாச் சரியாப் போச்சு."

"எதை நிறுத்துனீங்க?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தினமும் எங்ககூட ஒட்டுக்காக் குடிக்கறீங்களே."

"அது சீரகத் தண்ணி."

என் கையிலிருந்த சாப்பாட்டுப் பை தரையில் விழுந்துவிட்டது. டிபன் டப்பா உருண்டு போனதை அவரே எழுந்துபோய் எடுத்துக்கொடுத்தார்.

"எங்கம்மாகிட்ட ஏன் சொல்லலீங்க?"

"எல்லார்த்துக்கும் அப்படி ஆகறதில்ல கண்ணு. எத்தன பேரு நல்லா இருக்கறாங்க, நீயே பாத்தீல்ல. எங்கூட்டுக்காரர் போனதுக்கப்புறம் எனக்கும் எம்பசங்களுக்கும் அந்த மாடிதான் சோறு போடுது." பிறகு குரலைத் தணித்து, "உங்கம்மாவ நானே நிறுத்தச் சொல்றேன். ஆடி மாசம் கம்பெனிக் கூட்டம் ஒண்ணு இருக்குது, அது மட்டும் முடியட்டும். அவங்க படத்தப் பாத்துத்தான் இப்ப ஆளுங்க வர்றாங்க," என்றார்.

அவருக்கு வந்தது மாசியில். அம்மா சேர்ந்தது சித்திரையில். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் மாதங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் மாசி முன்னால்தான் வருகிறது.

அம்மாவிடம் சொன்னேன். "மேடம் அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க," என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பாவுக்குப் போன் போட்டேன். பண்ணையில் சிக்னல் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

எல்லோரும் இருக்கும்போது சொன்னால் கோச் மேடத்தால் மறுக்க முடியாது என்று நினைத்தேன். காலையில் அம்மாவோடு போய், என் முறை வந்ததும் எழுந்தேன்.

"வணக்கம். என் பெயர் கனிஷ்கா."

மூன்று தட்டு.

"எங்கம்மாவுக்கு மஞ்சக்காமாலை வந்திருக்குது."

இதற்கும் கைதட்டினார்கள். மூன்று, ஒரு நிறுத்தம், மூன்று. முன் வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"மேடத்துக்கும் மாசியில வந்துச்சு. அவங்க இதை எதையும் சாப்பிடறதில்ல. அந்த டம்ளர்ல இருக்கறது சீரகத் தண்ணி."

பாதிக் கைகள் நின்றன. மீதிக் கைகள் தட்டிக்கொண்டிருந்தன.

"கொழந்தைக்கு ஸ்கூல்ல டெஸ்ட் டென்சன்," என்றார் கோச் மேடம். "காலைல வெறும் வயித்துல வந்திருக்கும். சாந்தாக்கா, கூட்டிட்டுப் போயி ஏதாச்சும் குடுங்க." பிறகு எல்லோரையும் பார்த்து, "நம்மளைப் பாத்து நாலு பேரு நாலு விதமாத்தான் பேசுவாங்க. இது மருந்துங்களா?" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்காமல் படியிறங்கிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். கதவைத் தாண்டும்போது கேட்டுவிட்டது.

படியில் அம்மா மூச்சு வாங்க நின்றாள்.

"என்னை நாலு பேரு முன்னால நிக்க வெச்சுப் பாக்கறதுக்கு உனக்குப் புடிக்கவே புடிக்காதா கனி?"

நான் குனிந்து, படியில் கிடந்த செருப்புகளுக்குள் அவளுடையதைத் தேடி எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் என் முன்னால் வந்து நின்று, எனக்குத் தெரிய வேண்டும் என்றே மாத்திரையைப் போட்டாள்.

ஜூலை 24, வியாழன், கோயம்புத்தூர்

காலையில் அம்மா அடுப்பில் வெறும் தோசைக்கல்லை வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிய தண்ணீர் அடுப்பை அணைத்துத் தரையில் ஓடியது. மறுபடி குடத்தில் மொண்டு ஊற்றினாள்.

"அம்மா."

திரும்பி, வெளியாளிடம் கேட்பது போல, "நீ யாரூட்டுப் புள்ள கண்ணு?" என்று கேட்டாள்.

அதை இன்னும் நூறு பக்கம் எழுதினாலும் எழுதி முடிக்க முடியாது.

அப்பா கம்பெனி வண்டியிலேயே வந்தார். வண்டியில் கோழி நாற்றம். கிளம்பும்போது டப்பாக்களை என் பள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன். பிரிக்காத புது டப்பாக்கள் அலமாரியில் இன்னும் இருந்தன, பையில் இடமில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அப்பாவிடம் கேட்டார், "ஏதாவது மருந்து எடுத்துட்டிருந்தாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். சத்து மாவு மாதிரிதான், கரைச்சுக் குடிப்பா."

அப்பாவும். கோழித் தீவனத்தில் இருப்பதைப் படித்துக் காட்டிய அப்பாவும். நான் பையைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன்.

"இது மருந்துங்க. எங்கம்மா சித்திரையிலிருந்து சாப்பிடறாங்க. நேத்து வரைக்கும் சாப்பிட்டாங்க."

டாக்டர் பச்சை டப்பாவை எடுத்து வெகுநேரம் படித்தார்.

"இதுனாலதான் வந்துச்சுன்னு இப்பவே அடிச்சுச் சொல்ல முடியாதுமா. மத்த டெஸ்டும் பாக்கணும். ஆனா இதுல இருக்கற சில பொருள் சில பேரோட ஈரலைக் கெடுக்கறதை நாங்க பாத்திருக்கோம். இனி ஒண்ணுகூட உள்ள போகக் கூடாது."

அப்பாவிடம் தனியாகச் சொன்னதும் எனக்குக் கேட்டது. ஈரல் தானாகத் தேறினால் அம்மா பிழைத்துக்கொள்வாள். தேறாவிட்டால் வேறு ஈரல் வைக்க வேண்டும். எதுவானாலும் இந்த வாரத்திலேயே தெரிந்துவிடும்.

ஜூலை 26, சனி

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருவரைத்தான் விடுகிறார்கள். அப்பா போய்வந்தார். "தூங்கறா," என்றார். அப்பாவின் சட்டையைக் குழாயடியில் அலசி ஜன்னலில் போட்டேன். பால்காரருக்குப் போன் செய்து பால் வேண்டாம் என்று சொன்னேன்.

ஜூலை 27, ஞாயிறு

என்னைப் பார்த்தாள். யாரென்று தெரிந்த மாதிரி இல்லை.

ஜூலை 30, புதன்

இன்று அம்மா என் பெயரைச் சொன்னாள். கனி என்று சொல்லவில்லை, கனிஷ்கா என்று முழுப் பெயரையும் சொன்னாள், பள்ளியில் வருகைப் பதிவுக்குக் கூப்பிடுவது போல. நானும் "உள்ளேன் அம்மா" என்றேன். நர்ஸ் சிரித்தார். ஈரல் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மெதுவாகத்தான் திரும்பும், பல மாதம் ஆகும். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த அப்பா, யாரோ தள்ளிவிட்ட மாதிரி குனிந்து அழுதார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மையத்திலிருந்து ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு நான்கு பெண்கள் பார்க்க வந்தார்கள். சௌமியா அக்கா குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் பயந்துவிடுவார்கள், அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். கன்னம் குழி விழுந்து, தோள் எலும்பு துருத்திக்கொண்டு கிடக்கிறாள்.

"சாந்தாக்கா," என்றாள் ஒருத்தி, வாயில் கை வைத்து. "எப்படி எளச்சுட்டீங்க. அப்படியே கல்யாணப் பொண்ணாட்ட."

"கழுத்தெலும்பு தெரியுது பாருங்க," என்றாள் இன்னொருத்தி. "எத்தனை கிலோ இருக்கறீங்க இப்ப?"

கேலி செய்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை. அவர்கள் கண்ணில் ஆசை இருந்தது.

அம்மா எடையைச் சொன்னாள். சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

சௌமியா அக்கா கட்டிலருகே குனிந்தாள். "அக்கா, ஊட்ல பிரிக்காத டப்பா நாலு இருக்குதாமா? நீங்கதான் இனிச் சாப்பிட மாட்டீங்களே. வீணாப் போறதுக்கு நான் எடுத்துக்கட்டுமா?"

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு, "கனி, அப்பாகிட்டச் சாவி வாங்கிட்டுப் போயி எடுத்துக் குடு," என்றாள்.

"டப்பா இல்லீங்க்கா," என்றேன். "எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

பொய். அம்மாவுக்கு வராதது எனக்கு உடனே வந்தது.

சௌமியா அக்காவை நடைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். குடம்புளி, சீரகத் தண்ணி, டாக்டர் சொன்னது, அம்மா என்னை யாரென்று கேட்டது. குழந்தை என் ஜடையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

"உங்கம்மா எழுதுனதப் படிச்சுட்டுத்தான் நானே சேந்தேன்," என்றாள்.

"அதை நான்தான்க்கா எழுதினேன். அம்மா எழுதல."

"யாரு எழுதுனா என்ன கனி. உங்கம்மா எளச்சது நெசந்தானே?"

நான் அவளை ஜன்னல் பக்கம் இழுத்து, டாக்டர் செய்ததுபோல அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. இரண்டு கண்ணும் வெள்ளை.

"என்னத்தப் பாக்கற?" என்று சிரித்தாள். குழந்தையைத் தூக்கி மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அப்பா ஊருக்குப் போய் டப்பாக்களைக் காலி செய்துவிட்டு வந்தார். வேலியோரம் கொட்டினால் பக்கத்து வீட்டுக் கோழி மேயும் என்று கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டாராம். டாக்டரிடம் கேட்டேன், சௌமியா அக்காவோடு போனில் பேசுவீர்களா என்று. எண்ணை வாங்கிக்கொண்டார். மாலையில், "பேசினேன். குழந்தைக்காக நிறுத்தறேன்னு சொல்றாங்க," என்றார். நிறுத்துவாளா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை.

மையம் இன்றும் திறந்திருந்தது என்று அப்பா சொன்னார். படி முழுக்கச் செருப்பாம்.

ஆகஸ்ட் 6, புதன்

அம்மாவுக்கு இன்று சாதம் கொடுக்கலாம் என்றார்கள். குழைய வடித்த சாதம், கடைந்த மோர், கொஞ்சம் உப்பு. கையில் ஊசி ஏற்றியிருப்பதால் அவளால் எடுத்துச் சாப்பிட முடியவில்லை. நான் பிசைந்து ஊட்டினேன்.

சித்திரைக்குப் பிறகு அம்மா சாதம் சாப்பிடவில்லை. முதல் வாயை மெல்லாமல் வெகுநேரம் நாக்கிலேயே வைத்திருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவது வாயை நீட்டியபோது கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"கனி."

"என்னம்மா?"

"இவ்வளவும் தின்னா எத்தனை ஏறும்?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வார்டில் யாருக்கும் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். மஞ்சள் இன்னும் போகாத கண்கள், என் முகத்தை விட்டு அகலவில்லை.

"ஏறும்மா," என்றேன். "ஏறட்டும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் கையை இறக்கவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுக்க வந்த நர்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். விரலிடுக்கில் மோர் வழிந்து மணிக்கட்டுக்கு வந்து, முழங்கையில் சொட்டியது. தோள் வலித்தது. மறு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு அப்படியே நீட்டியிருந்தேன்.

அம்மா வாயைத் திறந்தாள்.